காலுக்கும் ஸ்கேன் உண்டு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஸ்கேன் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஒரு ஸ்கேன் டாக்டர். தாம்பரம் பக்கத்தில் 22 வருஷமாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். ஸ்கேன் டாக்டர் என்று சொன்னாலே எல்லோரும் வயிற்றைத்தான் நினைப்பார்கள். பிள்ளை எப்படி இருக்கு, கர்ப்பப்பையில் கட்டி இருக்கா, கிட்னியில் கல் இருக்கா என்றுதான் கேட்பார்கள். இன்றைக்கு நான் வயிற்றைப் பற்றிப் பேசப் போவதில்லை. காலைப் பற்றிப் பேசப் போகிறேன்.

ஏன் கால்? இந்தக் கூட்டத்தில் இருப்பவர்களின் தொழிலைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மெப்ஸ் கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். அடுக்குமாடி வீடுகளில் நாலு வீடு ஏறி இறங்கிப் பாத்திரம் தேய்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். தாம்பரம் மார்க்கெட்டில் பூ, காய் விற்கிறவர்கள், தூய்மைப் பணியாளர்கள், விடியற்காலை நாலு மணிக்கு இட்லிக் கடை போடுகிறவர்கள் எல்லாம் இருக்கிறீர்கள். நம் குழுவின் சந்தாவும் சேமிப்பும் வங்கித் தவணையும் எதன்மேல் நிற்கிறது? உங்கள் இரண்டு கால் மேல்தான் நிற்கிறது. கால் படுத்தால் கூலி படுக்கும். கூலி படுத்தால் தவணை படுக்கும்.

ஆனால் நம் பெண்கள் கடைசியாக டாக்டரிடம் காட்டுவதும் காலைத்தான். அதற்கு ஒரு காரணத்தை நான் தினமும் பார்க்கிறேன். ஸ்கேன் எடுக்க நான் காலைத் தொட்டதும், வந்தவங்க காலை இழுத்துக்குவாங்க. "ஐயோ டாக்டரம்மா, உங்க கையால என் காலைத் தொடுறீங்களே"ன்னு கூசுவாங்க. வெடிச்சிருக்கு, அழுக்கா இருக்குன்னு புடவையை இழுத்து மூடுவாங்க. வீட்டில் புருஷன் கால், மாமியார் கால், பிள்ளை கால் எல்லாவற்றுக்கும் தைலம் தேய்க்கிறோம். நம் காலை நாமே திருப்பிப் பார்ப்பதில்லை. அந்தக் கூச்சத்தை இன்றைக்குக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில், ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது? கிணத்துல எட்டிப் பார்த்து ஒரு சத்தம் போட்டா, அந்தச் சத்தம் அடியில் பட்டுத் திரும்பி வரும் இல்லையா? அதேதான். நம் காதுக்குக் கேட்காத நுண்ணிய ஒலியை மிஷின் உடம்புக்குள் அனுப்புகிறது. அது தசை, நார், எலும்பு, ரத்தக்குழாய் என்று ஒவ்வொன்றிலும் பட்டு ஒவ்வொரு மாதிரி திரும்பி வருகிறது. அந்த எதிரொலியைத்தான் டி.வி.யில் படமாகக் காட்டுகிறது. காற்று நடுவில் இருந்தால் ஒலி உள்ளே போகாது. அதனால்தான் குளிர்ந்த ஜெல்லி தடவுகிறோம். இதில் எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு கிடையாது. கர்ப்பிணிக்கும் எடுக்கலாம், குழந்தைக்கும் எடுக்கலாம், ஒரே இடத்தை நாலு தடவையும் பார்க்கலாம்.

இங்கிலாந்து பக்கத்தில் ஸ்காட்லாந்து என்ற நாட்டில், கிளாஸ்கோ நகரத்தில், அயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர் 1958-இல் இந்த முறையில் வயிற்றுக்குள் இருப்பதைப் படமாக்கிக் காட்டினார். அங்கே தொடங்கியதால்தான் ஸ்கேன் என்றால் பிள்ளை என்று ஆகிவிட்டது. ஆனால் 1979-லேயே தோல் எவ்வளவு தடிமன் என்று ஒலியால் அளந்து பார்த்துவிட்டார்கள். வயிற்றைப் பார்க்கும் புரோப் வளைவாக இருக்கும். 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி அனுப்பும், ஆழமாகப் போகும். காலையும் தோலையும் பார்க்கும் புரோப் தட்டையாக இருக்கும். 10 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் அனுப்பும். ஆழம் போகாது, ஆனால் மேலாக இருப்பதை மில்லிமீட்டர் கணக்கில் துல்லியமாகக் காட்டும். மிஷின் ஒன்றுதான். கைப்பிடியை மாற்றினால் போதும்.

இப்போது நான் பார்த்த சிலரைச் சொல்கிறேன். பேர் சொல்ல மாட்டேன்.

பெருங்களத்தூர் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார்கள். ஏரி ஓரமாக விறகு பொறுக்கும்போது சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். ஆனால் இரண்டு மாசமாகப் பாதத்தில் வீக்கம். மாத்திரை சாப்பிட்டால் வடியும், விட்டால் மறுபடி வரும். "எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டாங்கம்மா, எனக்கென்னமோ உள்ள குத்துது"ன்னாங்க. அவங்க சொன்னதுதான் சரி. முள், மரச்சிராய் எல்லாம் எக்ஸ்ரேயில் தெரியாது. இரும்பு தெரியும், கண்ணாடி பெரும்பாலும் தெரியும், மரம் தெரியாது. ஸ்கேனில் பார்த்தால் 6 மி.மீ. ஆழத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அதன் கீழே ஒரு கறுப்பு நிழல், சுற்றி வீக்கம். முள் நுனி ஒடிந்து உள்ளேயே நின்றிருந்தது. எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தோல்மேல் மையால் கோடு போட்டுக் கொடுத்தேன். அறுவை சிகிச்சை டாக்டர் மரத்துப்போகும் ஊசி போட்டு, சின்னதாகக் கீறி எடுத்துவிட்டார். குத்துமதிப்பாகத் தோண்டியிருந்தால் பாதம் முழுக்கப் புண்ணாகியிருக்கும். முள்ளோ ஆணியோ ஏறினால் டி.டி. ஊசி போட்டுக்கொள்வது எல்லோருக்கும் தெரியும். அதோடு, ஒரு வாரம் பத்து நாளில் ஆறாமல் வீக்கமோ கசிவோ இருந்தால், "உள்ள ஏதாவது இருக்கான்னு ஸ்கேன் பார்க்கணுமா டாக்டர்?" என்று வாய் திறந்து கேளுங்கள்.

அடுத்தது குதிகால் வலி. இங்கே எத்தனை பேருக்குக் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி அடித்த மாதிரி வலிக்கிறது? கை தூக்குங்கள் பார்ப்போம். பாருங்கள், பாதிக் கூட்டம் கை தூக்குகிறது! குதிகாலில் இருந்து விரல் வரைக்கும் பாதத்தின் அடியில் ஒரு தடித்த நார்ப்பட்டை இருக்கிறது. நாள் முழுக்கக் கடினமான தரையில் நின்றால், தேய்ந்துபோன செருப்பைப் போட்டால், உடல் எடை கூடினால், அந்த நார் குதிகாலில் ஒட்டும் இடத்தில் புண்பட்டுத் தடிக்கும். சாதாரணமாக அது 4 மி.மீ.க்குள் இருக்கும். கம்பெனியில் நின்று வேலை செய்யும் ஒரு தங்கச்சிக்கு 5.5 மி.மீ. இருந்தது. அவள் கையில் ஓர் எக்ஸ்ரே. "குதிகால்ல எலும்பு வளர்ந்திருக்காம், ஆபரேஷன் பண்ணணுமாம்"னு யாரோ சொல்லி பயந்துபோய் வந்தாள். அந்த முள் மாதிரியான எலும்பு வலியே இல்லாத பலருக்கும் இருக்கும். பெரும்பாலும் வலிக்குக் காரணம் எலும்பு இல்லை, நார்தான்.

இதற்கு என்ன செய்வது? படுக்கையை விட்டு இறங்கும் முன்னாலேயே ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி உங்கள் பக்கம் இழுத்து, பத்து எண்ணும் வரை பிடியுங்கள். பத்துத் தடவை செய்யுங்கள். வீட்டுக்குள்ளேயும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில மாசங்களில், அதிகம் போனால் ஒரு வருஷத்துக்குள், ஆபரேஷன் இல்லாமலேயே சரியாகிவிடும். அப்படியும் போகாவிட்டால் டாக்டர் ஊசி யோசிப்பார். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே சரியான இடத்தில் போடலாம். ஆனால் திரும்பத் திரும்ப ஸ்டீராய்டு ஊசி போட்டால் அந்த நாரே அறுந்துபோகலாம். "வலிக்கு ஒரு ஊசி போடுங்க டாக்டர்" என்று மாசத்துக்கு ஒரு தடவை போய் நிற்காதீர்கள்.

மூன்றாவது, சிவந்து வீங்கின கால். 2015 டிசம்பர் வெள்ளத்தை முடிச்சூர், வரதராஜபுரம் அக்கா தங்கச்சிகள் மறந்திருக்க மாட்டீர்கள். அடையாறு ஊருக்குள் வந்து, இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரில் நடந்தோம். அந்த மாதிரி நேரத்தில் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் போதும், கிருமி ஏறிக் கால் சிவந்து, சூடாகி, வீங்கிவிடும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் உள்ளே இரண்டு விதம். ஒன்று, தோலுக்கடியில் கிருமி பரவி நீர் கோத்திருப்பது; ஸ்கேனில் கூழாங்கல் பாவிய தரை மாதிரி தெரியும். அதற்கு மருந்து. இன்னொன்று, சீழ் ஒரே இடத்தில் குளம் கட்டி நிற்பது. கறுப்பாகத் தெரியும், புரோப்பால் அமுக்கினால் உள்ளே அசையும். அதைக் கீறி வெளியேற்ற வேண்டும், மாத்திரை மட்டும் போதாது. எது என்று ஐந்து நிமிஷத்தில் ஸ்கேன் சொல்லிவிடும். சீழ் இல்லாத காலைக் கீற வேண்டியதில்லை. சீழ் இருக்கும் காலைக் கீறாமல் விடவும் கூடாது.

நான்காவது ரத்தக்குழாய். நாம் ரத்தக்குழாயையும் நரம்பு என்றுதான் சொல்கிறோம். "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்கிறோமே, அது நரம்பு இல்லை. காலில் இருந்து ரத்தத்தை மேலே இதயத்துக்குக் கொண்டு போகும் குழாய். அதற்குள் ஒருவழிக் கதவு மாதிரி வால்வுகள் இருக்கின்றன. மணிக்கணக்காக நின்றால், அடுத்தடுத்துப் பிரசவம் ஆனால், கதவு பழுதாகி ரத்தம் கீழேயே தேங்கிக் குழாய் சுருண்டு புடைக்கும். கவனிக்காமல் விட்டால் கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்து, அரிப்பெடுத்து, ஆறாத புண் வரும். டாப்ளர் என்ற ஸ்கேனில் எந்தக் கதவு பழுது என்று தெரியும். சிகிச்சை அதை வைத்துத்தான் முடிவாகும்.

இங்கே ஓர் அவசரமான விஷயம் சொல்ல வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிக் கெண்டைக்காலில் வலி எடுத்தால், அதுவும் பிரசவத்துக்குப் பிறகோ, ஆபரேஷனுக்குப் பிறகோ, பல நாள் படுத்த படுக்கையாக இருந்த பிறகோ வந்தால், உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாகி இருக்கலாம். ஸ்கேனில் அதைப் பார்ப்பது ரொம்ப எளிது. நல்ல குழாயை புரோப்பால் அமுக்கினால் தட்டையாகிவிடும்; உள்ளே கட்டி இருந்தால் அமுங்காது. அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் ஒரு கால் வீக்கத்தை "சுளுக்கு" என்று எண்ணெய் போட்டு உருவி விடாதீர்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மூச்சும் வாங்கினால் 108-ஐ அழையுங்கள்.

இப்போது நான் இங்கே வந்ததற்கு முக்கியக் காரணம், சர்க்கரைக் கால்.

நம் சென்னையில் இருந்து நடத்தப்பட்டு 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேலானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று சொன்னது. நம் குழுக்களிலும் இருக்கிறார்கள். தெரிந்தவர்களும் இருக்கிறார்கள், தெரியாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை பல வருஷம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காலில் இரண்டு திருட்டு நடக்கும். ஒன்று, உணர்ச்சி போகும். இன்னொன்று, ரத்த ஓட்டம் குறையும். உணர்ச்சி போனால் புண் வருவது தெரியாது. ரத்தம் வராவிட்டால் வந்த புண் ஆறாது.

வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மா. வயது 51. சர்க்கரை 9 வருஷமாக. மே மாசம், மத்தியான வெயிலில் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்று வடாம் காயப் போட்டிருக்கிறார்கள். பாதம் வெந்து கொப்புளம் ஆகிவிட்டது. அவர்களுக்குத் தெரியவே இல்லை. படியில் ஈரமாக ரத்தக்கறையைப் பார்த்துப் பேத்திதான் சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறமும் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு 18 நாள் வேலைக்குப் போயிருக்கிறார்கள். "வலிக்கலையே டாக்டரம்மா, வலிச்சா வந்திருப்பேன்ல" என்றார்கள். சகோதரிகளே, இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் உங்களை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வலி இல்லை என்பது நல்ல செய்தி இல்லை. சர்க்கரைக் காலில் அதுதான் கெட்ட செய்தி.

டாப்ளர் வைத்துப் பார்த்தோம். ஓடும் ரத்தத்தின் சத்தத்தை அந்த மிஷின் நமக்குக் கேட்க வைக்கும். நல்ல குழாயில் அலை அலையாகத் துள்ளிக் கேட்கும். அந்த அம்மாவுக்கு முட்டிக்குக் கீழே சத்தம் மங்கிப் போயிருந்தது. அதோடு ஒரு கணக்கும் போட்டோம். அதை நீங்களும் போடலாம். கையில் பி.பி. பார்க்கிறோம், கணுக்காலிலும் பார்க்கிறோம். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்க வேண்டும். ஒன்றை ஒட்டி வந்தால் நல்லது. 0.9-க்குக் கீழே வந்தால் குழாய் அடைபட்டிருக்கிறது. அந்த அம்மாவுக்குக் கையில் 140, கணுக்காலில் 84. வகுத்தால் 0.6. நூறு ரூபாய் வர வேண்டிய இடத்தில் அறுபது ரூபாய்தான் வருகிறது. அதை வைத்து அந்தப் பாதம் எப்படிக் குடும்பம் நடத்தும்? ரொம்ப நாள் சர்க்கரை உள்ள சிலருக்குக் குழாய் சுவரே கெட்டியாகி, இந்த எண் பொய்யாக அதிகம் காட்டும். அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் படத்தையும் பார்த்துத்தான் டாக்டர்கள் முடிவு செய்வார்கள்.

எங்கே அடைப்பு என்று ஸ்கேனில் தெரிந்ததால், ரத்தக்குழாய் மருத்துவர் பலூன் வைத்து அதைத் திறந்தார். ரத்தம் இறங்கியது. இரண்டு விரலை எடுக்க வேண்டியிருந்தது. பாதம் தப்பியது. முதல் வாரமே வந்திருந்தால் அந்த இரண்டு விரலும் தப்பியிருக்கலாம். அவர்கள் குழுவில் மூன்று தவணையைத் தள்ளி வைத்தார்கள், உள்கடனும் கொடுத்தார்கள். இப்போது மாடி ஏறும் வேலை முடியாது. ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்து காய் நறுக்குகிறார்கள். கூலி பாதிதான்.

இதில் இன்னொரு எச்சரிக்கை. சுருள் நரம்புக்காக இறுக்கமான காலுறை போடச் சொல்வார்கள். ரத்தம் வருவதே குறைவாக உள்ள காலில் அதைப் போட்டால் இன்னும் ஆபத்து. அதனால் மருந்துக் கடையில் நாமாக வாங்கி மாட்டக் கூடாது. முதலில் ரத்த ஓட்டம் பார்க்க வேண்டும்.

தோலைப் பற்றியும் இரண்டு வார்த்தை. உடம்பில் எங்காவது உருண்டையாகக் கட்டி வந்தால் கேன்சரோ என்று தூக்கம் போய்விடும். பெரும்பாலும் அது கொழுப்புக் கட்டியோ நீர்க்கட்டியோதான். ஸ்கேனில் பார்த்து, எது வெறும் நீர், எது கெட்டி, எதற்குள் ரத்த ஓட்டம் இருக்கிறது என்று பிரிக்க முடியும். சந்தேகமாக இருந்தால் மட்டும் சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஆனால் ஒரு மச்சம் திடீரென்று வளர்ந்தாலோ, உள்ளங்காலில் கறுப்புப் புண் ஆறாமல் இருந்தாலோ, ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் தோல் டாக்டரிடம் போங்கள்.

உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தாலும் அப்படித்தான். தொழுநோய் போய்விட்டது என்று நினைக்கிறோம். முழுதாகப் போகவில்லை. நம் பக்கத்திலேயே செங்கல்பட்டு திருமணியில் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தொழுநோயில் நரம்பு, இது நிஜமான நரம்பு, தடித்துப்போகும். முட்டிக்குப் பக்கத்திலும் கணுக்காலிலும் அது தடித்திருப்பதை இப்போது ஸ்கேனில் அளக்க முடிகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் இலவச கூட்டு மருந்தில் முழுதாகக் குணமாகும், கால் தொங்கிப்போகாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, ஸ்கேனால் முடியாததையும் நான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்குக் காலையில் எல்லோரும் ஸ்கேன் சென்டர் வாசலில் நிற்பீர்கள். ஸ்கேன் எலும்பைத் தாண்டி உள்ளே பார்க்காது. எலும்புக்குள் கிருமி போயிருந்தால் எக்ஸ்ரேயோ எம்.ஆர்.ஐ.யோ வேண்டும். கால் ஆணி, பித்த வெடிப்பு, சேற்றுப்புண், நகச்சொத்தை இதற்கெல்லாம் ஸ்கேன் தேவையில்லை. கண்ணால் பார்த்தே வைத்தியம் செய்யலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, காலில் உணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்று ஸ்கேன் சொல்லாது. அதைச் சொல்ல இன்னொரு மனுஷியின் விரல் போதும்.

எப்படி என்று காட்டுகிறேன். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் மருத்துவர்கள் கொண்டு வந்த முறை இது. ஒருவர் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் ஆள்காட்டி விரலால் கட்டைவிரல் நுனி, நடுவிரல் நுனி, சுண்டுவிரல் நுனி என்று இரண்டு காலிலும் மொத்தம் ஆறு இடத்தில் லேசாகத் தொட வேண்டும். இரண்டு விநாடிதான். அமுக்கக் கூடாது, தடவக் கூடாது, கிச்சுக்கிச்சு மூட்டக் கூடாது. தொட்டது தெரிந்தால் "வலது", "இடது" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டாம். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால், உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். மிஷின் வேண்டாம், காசு வேண்டாம்.

உணர்ச்சி குறைந்த காலுக்குச் செருப்புதான் முதல் மருந்து. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் நடந்து நடந்து காயப்பட்டுத்தான் போகின்றன என்று எடுத்துக் காட்டினார். அந்த வழியில் வந்ததுதான் எம்.சி.ஆர். என்று சொல்லும் மெத்தென்ற ரப்பர் செருப்பு. இன்றைக்கு அதுவே சர்க்கரைக் காலுக்கும் உதவுகிறது. குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் வாங்கிய குரோம்பேட்டை நம் பக்கத்தில் இருக்கிறது. ஊருக்கெல்லாம் செருப்புத் தோல் பதனிட்ட பகுதி இது. இங்கே இருந்துகொண்டு நாம் வெறுங்காலோடு வெந்த தரையில் நடக்கலாமா? கோயில் பிரகாரத்தை அக்னி நட்சத்திர வெயிலில் சுற்றாதீர்கள், காலையிலேயே போய் வந்துவிடுங்கள். வேளாங்கண்ணிக்கு நடக்க வேண்டிக்கொண்டவர்கள், சர்க்கரை இருந்தால் தினமும் நடை முடிந்ததும் பாதத்தைப் பாருங்கள். குளிக்கும் வெந்நீரைக் காலால் சோதிக்காதீர்கள், முழங்கையால் சோதியுங்கள். மரத்துப்போன காலுக்கு வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், ஐஸும் வேண்டாம்.

கடைசியாக, கூட்டமைப்பிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று. ஒவ்வொரு குழுவிலும் மாசத்தில் ஒரு கூட்டத்தைக் கால் பார்க்கும் நாளாக வையுங்கள். சேமிப்பு வசூல் முடிந்ததும் பத்து நிமிஷம். ஒருவர் காலை ஒருவர் பாருங்கள்: விரலிடுக்கு, உள்ளங்கால், குதிகால். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆறு இடம் தொட்டுப் பாருங்கள். மூத்தவர் காலைத் தொட்டால் ஆசீர்வாதம், இளையவள் காலைத் தொட்டால் என்ன ஆகிவிடப் போகிறது? அதுவும் ஆசீர்வாதம்தான். யாருக்கு என்ன என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டாம், அது அவரவர் சொந்த விஷயம். "கால் பார்த்தோம்" என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி இருந்தால் அடுத்த மாசமும் நடக்கும்.

இரண்டு. புண்ணுக்காக உள்கடன் கேட்டு வருகிறவரை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளாதீர்கள். சர்க்கரை உள்ளவர் காலில் புண் சிவந்தாலோ, நாற்றம் வந்தாலோ, கறுத்தாலோ, அன்றைக்கே மருத்துவமனை. ஒரு வாரத் தாமதத்தின் விலை ஒரு விரல். அரசு ஆஸ்பத்திரியும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இருக்கின்றன. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-ஐக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை, பி.பி. பார்க்க வரும் தன்னார்வலர்கள் நம் குழுக்களில் இருந்து போனவர்கள்தான். அவர்கள் வரும்போது சர்க்கரையை மட்டும் காட்டாமல் காலையும் காட்டுங்கள்.

மூன்று. யாராவது ஒரு கையடக்க மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, "மண்டபத்துலேயே எல்லாருக்கும் ஸ்கேன் எடுக்கிறோம், ஆளுக்கு இவ்வளவு" என்றால் சரி என்று சொல்லிவிடாதீர்கள். பெண் சிசுவைக் காப்பாற்ற 1994-இல் வந்த சட்டத்தால், ஸ்கேன் மிஷின் ஒவ்வொன்றும் பதிவாகி இருக்க வேண்டும். தகுதி பெற்ற டாக்டர்தான் எடுக்க வேண்டும். சென்டர் வாசலில், "சிசுவின் பாலினம் இங்கே தெரிவிக்கப்பட மாட்டாது" என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சட்டம் நம் மகள்களுக்காக வந்தது. காலுக்கு ஸ்கேன் என்ற பேரில் அதை யாரும் தளர்த்த நாம் இடம் கொடுக்கக் கூடாது. முதலில் டாக்டர் காலைத் தொட்டுப் பார்க்கட்டும். அவர் ஒரு கேள்வியோடு ஸ்கேனுக்கு அனுப்பட்டும்: முள் இருக்கா, சீழ் இருக்கா, ரத்தம் ஓடுதா, கட்டி இருக்கா? கேள்வி சரியாக இருந்தால்தான் ஸ்கேன் சரியான பதில் சொல்லும்.

இப்போது என் பேச்சை முடித்துக்கொள்கிறேன். சாப்பாட்டுக்கு எழுந்து போவதற்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "உங்க காலைக் கொஞ்சம் காட்டுங்கக்கா." அவர்கள் இழுத்துக்கொள்வார்கள். விடாதீர்கள்.